மச்சான் வண்டியின் முன் அச்சு

மெக்கானிக் கடைகள் வரிசையாக இருந்த அந்தத் தெருவில் சொந்தமாகக் கடை வைத்திருந்த பெண் அவள் ஒருத்திதான். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பாள், சீட்டுகளுக்கு உறை தைப்பாள். தார்ப்பாய்க்காரி என்றால்தான் தெருவுக்குத் தெரியும். பாறை மாதிரி விறைத்த துணியை இடது கையால் தள்ளி, வலது கையால் இழுத்து, மெஷினுக்குக் கொடுத்துக்கொண்டே ஊர் வம்பு பேசுவாள். கையும் ஓயாது, வாயும் ஓயாது. அவள் வாயில் விழாமல் அந்தத் தெருவைத் தாண்டினவன் கிடையாது.

அவள் புருஷன் வாடகைக்குப் பிக்கப் ஓட்டினான். அதிகம் பேசமாட்டான். பேசாதவன் மறப்பதும் இல்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை உள்ளே போட்டு ஊறவைத்துக்கொண்டே இருப்பான்.

அவள் அண்ணன் நேர் எதிர். அப்பா செத்த பிறகு அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது அவன்தான். அதை அவன் மறக்கவும் இல்லை, யாரையும் மறக்க விடவும் இல்லை. அவனும் பிக்கப்தான் வைத்திருந்தான், புருஷனுடையதைப் போலவே அதே கம்பெனி, அதே மாடல். ஆனால் அண்ணனுடையது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. புருஷன் வண்டியில் பின் சக்கரம் இரண்டும்தான் இழுக்கும். "யானைக்கு நாலு கால், என் வண்டிக்கும் நாலு கால். மத்ததெல்லாம் நொண்டி" என்று அண்ணன் டீக்கடையில் சொல்லிச் சொல்லியே நாலுகாலன் என்று பெயர் வாங்கியிருந்தான்.

ஊருக்கு மேலே மலைச்சரிவு முழுக்கத் தோட்டங்கள். உர மூட்டை மேலே போகும், முட்டைக்கோஸ் கீழே வரும். வெயில் காலத்தில் எந்த வண்டியும் ஏறும். மழை பிடித்துவிட்டால் பாதை வெண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். அப்போது வாடகையெல்லாம் நாலுகாலனுக்குத்தான்.

ஒரு மழைக்காலத்தில் புருஷன் வீம்புக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே போனான். பாலத்துக்கு மேலே உள்ள வளைவில் பின் சக்கரங்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தன. வண்டி பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வந்து ஓடைக்குள் உட்கார்ந்தது. பின்னால் வந்த அண்ணன் உடனே கயிறு கட்டவில்லை. தோட்டத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். "என்ன மாப்ள, இந்த வயசுல சறுக்குமரம் விளையாடுறீங்க?" என்றான். ஆசை தீரச் சிரித்த பிறகுதான் கயிறு கட்டி இழுத்தான்.

ஓடையை விட்டு வந்ததும் புருஷன் கயிற்றை அவிழ்க்க இறங்கினான். அண்ணன் அவிழ்க்க விடவில்லை. "ஏறி உக்காருங்க மாப்ள. மறுபடி எங்கயாச்சும் சறுக்கிட்டா யார் வந்து தூக்குறது?" நல்லா ஓடுகிற வண்டியைக் கயிற்றில் கட்டி, ஹாரன் அடித்தபடி, மெக்கானிக் தெரு வழியாக அவள் கடை வாசல் வரைக்கும் இழுத்து வந்து நிறுத்தினான்.

அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். முகம் முழுக்கச் சேறோடு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கயிற்றுக்குப் பின்னால் தன் புருஷன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் அவள் முயற்சி செய்யவில்லை. தெருவில் அன்றைக்கு எல்லாரும்தான் சிரித்தார்கள். ஆனால் அவள் சிரிப்புதான் தனியாகக் கேட்டது.

அதிலிருந்து அவன் பெயர் சறுக்குமரம் ஆயிற்று. "சறுக்குமரம் வண்டி சும்மா இருக்கா?" என்றுதான் வாடகைக்கே கேட்டார்கள்.

அவன் பக்கத்துக் கடை மெக்கானிக்கிடம் போனான். அந்த மெக்கானிக்கை ரேடியோ என்பார்கள்; காலையில் கடை திறந்தால் மூடும்வரை பேச்சு நிற்காது.

"ரெண்டு சக்கர வண்டிய நாலு சக்கரமா மாத்த முடியுமா?"

"ஏன் முடியாது? ரெண்டு வண்டிக்கும் அடிச்சட்டம் ஒண்ணுதான். முன் அச்சு மாட்டுற ஓட்டையெல்லாம் உன் வண்டியிலயும் போட்டுத்தான் வச்சிருக்கான் கம்பெனிக்காரன். நட்டுதான் இல்ல. ஆனா தனித்தனியா சாமான் வாங்கி மாத்துனா விடியாது தம்பி. அதே மாடல்ல அடிபட்ட நாலு சக்கர வண்டி ஒண்ணு முழுசா வேணும். அதக் கொன்னாத்தான் இது பொழைக்கும்."

"அடிபட்ட வண்டிக்கு எங்க போறது?"

"காத்திரு. எவனாச்சும் விழுவான்."

விழுந்தது நாலுகாலன். அடுத்த கோடையில், பாதை காய்ந்து கல்லாக இருந்தபோது, முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு செங்குத்தான இறக்கத்தில் வந்தவன் பள்ளத்தில் உருண்டான். குறுக்கே மாடு வந்தது என்று சொன்னான். வண்டியின் மேல்பாகம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. அடிப்பாகம் அப்படியே இருந்தது. அவனுக்கு அதற்கு மறுதலையாக ஆயிற்று. இடுப்புக்கு மேலே ஒரு கீறல் இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில், ஜன்னலோரமாகக் கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். தெரு இரக்கப்பட்டது. பிறகு, தெருவின் வழக்கப்படி, இரக்கம் தீர்ந்ததும் வாயைத் திறந்தது. "நாலுகாலனுக்கு இப்ப ஒரு காலும் இல்லப்பா" என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். புருஷன் கையில் டீயோடு நின்றிருந்தான். சிரிக்கவில்லை. இன்னொரு டீ வாங்கி, சொன்னவன் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

கொஞ்ச நாள் போனது. ஒரு மாலையில் அவள் அண்ணனுக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது புருஷன் அங்கே வந்தான். அண்ணனைப் பார்க்கவில்லை. நேராக அண்ணியிடம், "அந்த வண்டிய என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டான்.

அண்ணி இளைத்துப் போயிருந்தாள். "என்ன பண்ண? வெளிய கெடந்து துருப்புடிக்குது."

"இரும்பு வெலைக்கு நானே எடுத்துக்குறேன். அச்சும் கியர்பாக்ஸும் என் வண்டிக்கு ஆகும்."

நடுவில் இருந்தது ஒரு திரைச்சீலைதான். கட்டிலில் கிடந்தவனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் புருஷன் உரக்கப் பேசினான் என்பது அவளுக்குப் புரிந்தது.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா" என்றாள்.

"ஏன் மெதுவா? திருடவா வந்தேன்?"

கட்டிலிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "குடுத்துடுடி. எடுத்துக்கட்டும். நான் ஓட்டுன வண்டிய ஓட்டிப் பாக்கணும்னு மாப்ளைக்கு ரொம்ப நாள் ஆசை."

மறுநாளே நொறுங்கின வண்டி ரேடியோவின் கடைக்கு வந்துவிட்டது. இரண்டு பிக்கப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒன்றை அறுத்து ஒன்றுக்கு வைக்கிற வேலை தொடங்கியது. அவள் கடையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். புருஷன் வண்டியின் முன் சக்கரங்களைக் கழற்றினார்கள். சக்கரத்தைத் தாங்குகிற கைகளைக் கழற்றினார்கள். அண்ணன் வண்டியின் முன் அச்சை, ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து, சட்டத்தின் அடியில் பொருத்தினார்கள். ரேடியோ சொன்னது பொய்யில்லை. ஓட்டைகள் அத்தனையும் அங்கே காத்துக்கொண்டிருந்தன. பின் அச்சையும் மாற்றத்தான் வேண்டும் என்றான் ரேடியோ. "பல்லுக் கணக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு இருந்தா, முன்னது ஒரு வேகத்துல ஓடும், பின்னது ஒரு வேகத்துல ஓடும். ஒரே வீட்டுல ரெண்டு மாமியார் இருந்த கதைதான். நடுவுல இருக்கிறது ஒடைஞ்சு போகும்."

நடுவில் இருப்பது ஒரு இரும்புப் பெட்டி. கியர்பாக்ஸின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு வைப்பது அதுதான். அதற்கென்று தனியாக ஒரு குட்டை லீவர் உண்டு. சாதாரண ஓட்டத்துக்கு ஒரு நிலை. ஏற்ற இறக்கத்தில் பலம் வேண்டும்போது நாலு சக்கரத்தையும் பிடித்து மெதுவாக ஓட்ட ஒரு நிலை. இரண்டுக்கும் நடுவே எதிலும் மாட்டாத நிலை. லீவர் நடுவில் நின்றுவிட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவே இல்லை. எந்த கியரில் இருந்தாலும் வண்டி தன் போக்கில் உருளும்.

அந்த லீவருக்காகப் புருஷன் வண்டியின் தரைத்தகட்டில் ஓட்டை வெட்டினார்கள். ஓட்டையை மூட உறை தைக்க வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டான் ரேடியோ. அவள் அளவெடுக்கக் குனிந்தபோது, லீவரில் பழைய டியூபை வெட்டின ரப்பர் பட்டை ஒன்று இறுக்கிச் சுற்றியிருப்பதைப் பார்த்தாள். மறுமுனையில் ஒரு கொக்கி தொங்கியது.

"இது எதுக்கு?" என்றாள்.

ரேடியோ தலையைச் சொறிந்தான். "தெரியலயே. எனக்கு இந்தப் பெட்டியப் பிரிச்சு ஒரு தடவ பாத்துட்டா நல்லதுன்னு தோணுது."

"மழைக்கு முன்னாடி வண்டி வெளிய வரணும்" என்றான் புருஷன். "பிரிச்சா சாமானுக்கு அலையணும். ஓடிக்கிட்டு இருந்த வண்டிதானே? நீ போய் உங்க அண்ணனக் கேளு, ரப்பர் எதுக்குன்னு."

அவள் போய்க் கேட்டாள். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கேள்வி காதில் விழுந்ததும் முகத்தை அவள் பக்கம் திருப்பினான்.

"யார் கேக்கச் சொன்னா?"

"அவருதான்."

"ஓ." அவன் முகத்தில் அவள் பல நாளாகப் பார்க்காத ஒரு தெளிவு வந்தது. "அது சும்மா பாப்பா. கடகடன்னு சத்தம் வரும்னு கட்டுனேன். கழட்டிப் போட்டுடு."

அவள் வந்து சொன்னாள். கத்தரியை எடுத்து அவளே வெட்டி எறிந்தாள். உறையை அழகாகத் தைத்து மாட்டினாள்.

வேலை முடிந்த அன்று புருஷன் வண்டியைத் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோகவில்லை. முதலில் அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினான். குட்டை லீவரைக் கீழே தள்ளி, ஆக்சிலேட்டரை மிதித்தான். இன்ஜின் உறுமியது. பழக்கப்பட்ட காதுக்கு அந்தப் பல்லின் சத்தம் தெரியாமல் போகாது. அடுத்த நாளும் போனான், அதற்கடுத்த நாளும். சாயங்காலமானால் பால் வாங்கப் போகிறவனைப் போல, தவறாமல் போய் உறுமவிட்டு வந்தான்.

அண்ணி வந்து அழுதாள். "அவருகிட்டச் சொல்லக் கூடாதா? சத்தம் கேட்டாலே இவரு சாப்பாட்டத் தள்ளிவிடுறாரு."

அவள் புருஷனிடம் சொன்னாள். அவன் கை கழுவிக்கொண்டே, "தெருவே வேடிக்க பாக்க என்னைக் கயித்துல கட்டி இழுத்தானே, அப்ப நீ அவன்கிட்டச் சொன்னியா?" என்று கேட்டான்.

மழை வந்தது. நல்ல கனத்த மழை. முதல் வாடகையே மேல் தோட்டத்துக்கு. கிளம்பும்போது அவள் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். "ஏறு."

"எனக்கு வேல கெடக்கு."

"கெடக்கட்டும். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சிரிச்சேல்ல? இன்னைக்கு மேல வந்து சிரி."

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மெஷினை மூடிவிட்டு ஏறினாள்.

பாலத்துக்கு மேலே உள்ள வளைவு வந்தது. குட்டை லீவரைக் கீழே தள்ளினான். நாலு சக்கரமும் சேற்றைக் கடித்தன. வண்டி நிதானமாக, எறும்பு சுவரில் ஏறுவதுபோல, ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. மேட்டின் உச்சியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை. "சிரி" என்றான். அவள் சிரித்தாள். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது.

முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். இறக்கத்தில் அதே லீவரைக் கீழே போட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல், இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த, மெதுவாக இறங்கினான். அண்ணன் உருண்ட இடம் தாண்டியது. புருஷன் அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்து, "மாடாம் மாடு" என்றான்.

சொல்லி வாய் மூடவில்லை, 'டக்' என்று ஒரு சத்தம். அவள் தைத்த உறையைத் தள்ளிக்கொண்டு லீவர் தானாக மேலே வந்தது. இன்ஜின் வெறுமனே அலறியது. வண்டி உருட்டிவிட்ட கல்லாகக் கீழே ஓடத் தொடங்கியது.

"லீவரப் புடி! கீழ தள்ளு!" என்று கத்தினான்.

வலது கையால் தன் பலம் முழுவதும் கூட்டித் தள்ளினாள். பற்கள் கறகறவென்று அரைபட்டன, மாட்டவில்லை. இடது கையால் ஜன்னலுக்கு வெளியே மேல்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள், விழாமல் இருக்க. அவன் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தான். நனைந்த பிரேக், மேலே பாரம். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. அவனுக்கு யோசிக்க நேரமில்லை. பாறைப் பக்கம் ஒடித்தான். பாறை இருந்தது இடது பக்கம், அவள் இருந்த பக்கம்.

வண்டி பாறையை உரசிக்கொண்டே வெகு தூரம் போய் நின்றது. மேல்கம்பிக்கும் பாறைக்கும் நடுவே அவள் விரல்கள் இருந்தன.

ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல் அவன் வாயில் வந்தது, "வண்டிக்குப் பெருசா ஒண்ணும் ஆகல" என்பதுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டோடு அவள் கடைக்கு வந்த அன்று, ரேடியோ ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தான். கவட்டை போல் இருந்தது. பெட்டிக்குள் பல்லை நகர்த்திப் பிடிப்பது அது. இரண்டு முனையும் கத்தியாகத் தேய்ந்திருந்தது. வழக்கத்துக்கு மாறாக அவன் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"இது நேத்து தேஞ்சதில்லம்மா. இறக்கத்துல லீவர் கழண்டுக்கிட்டு ரொம்ப நாளா ஓடியிருக்கு. கழலாம இருக்கத்தான் ரப்பர் கட்டி சீட்டுல கொக்கி மாட்டியிருக்காரு உங்க அண்ணன். அன்னைக்குக் கொக்கி விட்டுப்போயிருக்கும். அதான் உருண்டிருக்காரு. மாடும் இல்ல, மண்ணும் இல்ல. நான் பிரிச்சுப் பாத்திருக்கணும். தப்புதான்."

அவள் எழுந்து அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். அண்ணி அடுப்படியில் இருந்தாள். இவள் கட்டிலோரத்தில் நின்று, கட்டுப்போட்ட கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"உனக்குத் தெரியும்ல?"

அண்ணன் கையைப் பார்த்தான். "நீ ஏறுவேன்னு எனக்குத் தெரியாது பாப்பா. சத்தியமா தெரியாது."

"அவரு மட்டும் போயிருந்தா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"கேக்குறேன்ல. அவரு மட்டும் போயிருந்தா பரவால்லயா?"

"தெனம் வந்து உறுமுனான்" என்றான் அண்ணன். "என் வண்டிய வச்சு என்னையே. எந்திரிச்சுப் போய் ஒரு கல்லெடுத்து எறியக்கூட முடியல எனக்கு. நான் வேற என்ன பண்ணுவேன்?"

"ரப்பர் எதுக்குன்னு நான்தானே வந்து கேட்டேன். அப்ப அவரு உறுமவே ஆரம்பிக்கலயே."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவளை வளர்த்தவன். காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அழுகை வருமோ என்று நினைத்தாள், வரவில்லை.

அடுப்படிக்குப் போய், "அண்ணி, நீங்க கொஞ்ச நாள் உங்க அக்கா வீட்டுக்குப் போய் இருந்துட்டு வாங்க. ஓடாத் தேஞ்சுட்டீங்க. அண்ணன நான் பாத்துக்குறேன்" என்றாள். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுவாரமே கிளம்பினாள். பிறகு அவள் திரும்பி வருகிற பேச்சையே எடுக்கவில்லை. யாரும் அவளைக் குறை சொல்லவும் இல்லை.

கட்டிலோடு அண்ணன் தங்கை வீட்டுக்கு வந்தான், அதே பிக்கப்பின் பின்பக்கத்தில். ஓட்டி வந்தது ரேடியோ. புருஷன் வாசலில் அவளைத் தடுத்தான்.

"பைத்தியமா உனக்கு? அவன் என்னக் கொல்லப் பாத்தவன்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கூட்டிட்டு வர்ற?"

"தெரிஞ்சுதாங்க கூட்டிட்டு வர்றேன். எனக்கு ஒரு கைதான். அவனத் தூக்க முடியாது. காலையில தூக்கி உக்கார வைக்கணும், கழுவி விடணும், சாயங்காலம் பொரட்டிப் படுக்க வைக்கணும். எல்லாம் நீங்கதான் பண்ணணும்."

"நான் மாட்டேன்."

"அப்ப அவன் நாறிக் கெடக்கட்டும். நீங்களும் அதே ரூம்ல உக்காந்து சாப்பிடுங்க."

ஒரு நாள் புருஷன் வீம்பு பிடித்தான். மறுநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்த் தூக்கினான். வீட்டில் இருந்தது ஒரே முன்னறை. கட்டிலில் மச்சான், எதிரில் தட்டோடு மாப்பிள்ளை.

ரேடியோ புதுக் கவட்டை வாங்கிப் போட்டிருந்தான். வண்டி அதற்குப் பிறகு ஒரு குறை வைக்கவில்லை. மழைக்காலத்து வாடகை முழுக்க இப்போது புருஷனுக்குத்தான். பெயர் மட்டும் மாறவில்லை. சறுக்குமரம் சறுக்குமரமாகவே இருந்தான். அவளால் மெஷினில் துணியைத் தள்ள முடியவில்லை. மெஷினை விற்றுவிட்டு, தார்ப்பாய் ஓரத்தில் வளையம் அடிக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டாள். துணியை முழங்காலால் அழுத்திக்கொண்டு வலது கையால் சுத்தியலை இறக்குவாள். வம்பு பேசுவதை விட்டுவிட்டாள். தெருவுக்கு அது பெரிய நஷ்டம்.

மழைக்காலத்துக் காலையில் தோட்டக்காரர்கள் விடிந்தும் விடியாமலும் போன் அடிப்பார்கள். புருஷன் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே வருவான், மச்சானைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று. அண்ணன் அன்றைக்கென்று பார்த்து மலச்சட்டியில் நிதானமாக இருப்பான். "இன்னும் முடியல மாப்ள. இருங்க." போன் மறுபடி அடிக்கும். "முடிஞ்சுதா மச்சான்?" "அவசரப்படுத்துனா எப்படி வரும்?" பல்லைக் கடித்துக்கொண்டு காத்து நிற்பான். கடைசியில் தூக்கும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தூக்குவான். விடும்போது ஒரு சாண் உயரத்திலிருந்தே விட்டுவிடுவான். "மெதுவாடா!" என்று அண்ணன் அலறுவான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் டீயை ஆற்றிக்கொண்டிருப்பாள். ஒரு கையால் ஆற்ற நேரம் எடுக்கும். இருவரில் யார் கூப்பிட்டாலும், குடித்து முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள்.